பிரியான்சோன்: மதிலுக்கு வெளியே இருக்கும் கோட்டை

பிரெஞ்சு ஆல்ப்ஸில் உள்ள செர் ஷெவாலியேயில் பனிச்சறுக்க வருகிறவர்களுக்குப் பிரியான்சோனின் பழைய நகரம் மாலையில் காலாற நடந்துவிட்டு வரும் இடம். பிஞெரோல் வாயிலில் நுழைந்து, பெரிய வீதியில் இறங்கி, நான்கு படம் எடுத்துத் திரும்ப ஒரு மணி நேரம் போதும். அந்த ஒரு மணி நேரத்தைக் கொண்டு இந்த நகரை மதிப்பிட்டால் மதிப்பீடு தவறிவிடும்.

வீதியின் சிறப்பை முதலில் ஒப்புக்கொள்ளலாம். செங்குத்தான சரிவின் நடுவே கல் பாவிய ஒரு வாய்க்கால், அதில் மலைத்தண்ணீர் சலசலத்து ஓடுகிறது. இரண்டு பக்கமும் உயர்ந்து நெருங்கிய வீடுகள். தீ பிடித்தால் அணைக்க என்று இடைக்காலத்தில் அமைத்த ஏற்பாடு இது. ஊர்க்காரர்கள் ‘கார்கூய்’ என்கிறார்கள். பயன் தெளிவு, வடிவம் எளிமை. ஆனால் எந்த நோக்கத்துக்காக வெட்டினார்களோ அதில் அது தோற்றது: 1692 தொடக்கத்தில் நகரின் பெரும்பகுதி எரிந்து போனது. இன்று வீதியை நினைவுப்பொருள் கடைகள் நிறைத்திருப்பது இன்னொரு குறை. அழகு இருக்கிறது, ஆழம் குறைவு.

ஆழம் எங்கே இருக்கிறது? அதே 1692இல் சவாய் படை கீழ்ப்பள்ளத்தாக்கில் புகுந்து காப் நகரை எரித்தது. அதன் பிறகு எல்லையைப் பலப்படுத்த வந்த கோட்டைப் பொறியாளர் வோபானுக்கு முன்னால் ஒரு சிக்கல் இருந்தது. 1,326 மீட்டர் உயரத்தில் இருந்தும் இந்த ஊர் உயரமானது அல்ல. சுற்றியுள்ள மேடுகள் எல்லாம் அதைவிட உயரம். தூரான்ஸ் ஆற்றுக்கு அக்கரையில் உள்ள தெத் மேட்டில் பீரங்கி ஏறிவிட்டால் மதில் வீண். ஆகவே தெத்தில் கோட்டை வேண்டும். தெத்துக்கு மேலே ரான்டூயே மேடு இருக்கிறது. அங்கேயும் கோட்டை வேண்டும். இரண்டையும் இணைக்கப் பள்ளத்தைக் கடக்கும் மூடிய நடைவழி வேண்டும். இவற்றோடு நகரைச் சேர்க்கப் பாலம் வேண்டும். ஒரு தேவை அடுத்த தேவையை ஈன்றுகொண்டே போகிறது; இந்தத் தருக்கக் கோவைதான் பிரியான்சோனின் உண்மையான சாதனை. ஆற்றுக்கு மேலே சுமார் 55 மீட்டர் உயரத்தில் ஒரே வளைவாக நிற்கும் அஸ்ஃபெல்ட் பாலத்தை அழகுக்காகப் பார்க்கிறோம். அந்தக் கோவையில் அது ஒரு கண்ணி. அதன் நடுவில் நின்றால்தான் முழு அமைப்பும் பிடிபடும்.

இங்கே உரிமை பற்றி ஒரு திருத்தம் தேவை. 2008இல் யுனெஸ்கோ பட்டியலில் இந்த அரண் அமைப்பு வோபானின் பெயரால் இடம்பெற்றது. அவர் 1707இல் இறந்தார். தெத்தும் ரான்டூயேயும் பாலமும் 1720களிலும் 1730களின் தொடக்கத்திலும் எழுந்தவை. 1713 உத்ரெக்ட் உடன்படிக்கை எல்லையை அருகிலுள்ள மோன்ழெனேவ்ர் கணவாய்க்கே இழுத்துவந்த பிறகு, அவசரம் கூடியிருந்த காலம் அது. மேடுகளைப் பிடிக்க வேண்டும் என்ற கருத்து அவருடையது. கட்டி முடித்த பெருமை அவருக்குப் பின் வந்த பொறியாளர்களுக்கு உரியது. பெயர்ப் புகழில் அவர்கள் பங்கு மறைந்துபோனது நியாயம் அல்ல.

பள்ளத்தாக்கில் இன்னும் கீழே உள்ள மோன்-தோஃபானோடு ஒப்பிட்டால் தரம் துலங்கும். அது வோபானே வெற்று மேட்டில் வரைந்த கோட்டை நகர். வரைபடம் குறையற்றது, ஆனால் எதிர்பார்த்த அளவுக்கு மக்கள் வந்து நிறையவில்லை, தேவாலயம்கூட முழுமையடையவில்லை. பிரியான்சோனின் வரைபடம் பழைய ஊரோடும் பாறையோடும் சமரசம் செய்து வளைந்தது. ஆனால் 1815இல் மாதக்கணக்கான முற்றுகையைத் தாங்கியது. வடிவத் தூய்மையில் முன்னது மேல், அமைப்பின் ஒருமையிலும் செயலிலும் பின்னது மேல். கோட்டைக்கலையில் நான் பின்னதையே உயர்வாக வைப்பேன். நகரமாக மட்டும் பார்த்தால் இதைவிட நல்ல மலை நகரங்கள் ஆல்ப்ஸில் உண்டு.

பார்க்கப் போகிறவர் பாலத்தைக் கடந்து ஏற வேண்டும். ஆழ்ந்த பனியில் அது சிரமம், கோடையே பொருத்தம். தெத்தின் விளிம்பில் நின்று திரும்பினால் மாதா கோயிலின் இரட்டைக் கோபுரமும் பெரிய வீதியின் கூரைகளும் கண்ணுக்கு நேர் கீழே, எண்ணிவிடலாம் போல நெருக்கமாகக் கிடக்கின்றன.