காளஹஸ்தி மரத்துக்கு என்ன விலை?

ராகு கேது பூசைக்காகத் திருப்பதியிலிருந்து காளஹஸ்தி போகிறவர்களின் கண்ணில் படும் கலம்காரித் துணிகளில் மரம் வரைந்தது தனித்துத் தெரியும்: பாறைமேடு, அதிலிருந்து வளைந்தெழும் அடிமரம், கிளைதோறும் பூ, மயில். ‘ட்ரீ ஆஃப் லைஃப்’ என்று விற்கிறார்கள். கூடவே இரண்டு வாக்கியங்கள் வரும்: “கோயில் காலத்துக் கலை”, “எல்லாம் இயற்கைச் சாயம், நிறம் போகாது.” விலை இவற்றின் மேல்தான் நிற்கிறது. இரண்டுமே பாதி உண்மை.

கோயிலுக்காக இங்கே வரைந்தவை, ராமாயணத்தையும் பாரதத்தையும் கட்டம் கட்டமாகச் சொல்லும் திரைகள். மரம் வந்த வழி வேறு. 17, 18ஆம் நூற்றாண்டுகளில் சோழமண்டலக் கரையிலிருந்து ஐரோப்பாவுக்குக் கப்பலேறிய படுக்கை விரிப்புகளின் வடிவம் அது. வாங்குபவர் ரசனைக்கு நம் கைவினைஞர்கள் வளைத்துக் கொடுத்தது. இந்தியத் துணி அங்கே சக்கைப்போடு போட்டதில் மிரண்டு, பிரான்ஸ் 1686இல் தடையே விதித்தது. ஆக, மரம் தொடக்கத்திலிருந்தே அலங்காரச் சரக்கு. அதில் இழிவில்லை, இன்றும் அதுதான் பல குடும்பங்களுக்குச் சோறு போடுகிறது. பழமையின் பெயரால் கூடுதல் விலை கேட்பதுதான் சரியில்லை.

பணம் கொடுக்க வேண்டியது கோட்டுக்கு. மூங்கில் குச்சியில் கம்பளி நூலைச் சுற்றி, விரலால் அழுத்தி மை இறக்கி இழுக்கும் கோடு ஓரிடத்தில் தடிக்கும், ஓரிடத்தில் மெலியும். ஒரே இலை அச்சுப் பிசகாமல் மறுபடி மறுபடி வந்தால் அது ஸ்கிரீன் பிரிண்ட். துணியைத் திருப்பியும் பாருங்கள். கையால் வரைந்த கறுப்பு பின்பக்கமும் ஊறியிருக்கும். சதுர அடிக் கணக்கில் விலை சொல்லும் வழக்கம் இந்த வேறுபாட்டை மதிப்பதே இல்லை. 2008இல் பத்மஸ்ரீ பெற்ற ஜொன்னலகட்ட குரப்ப செட்டியைப் போல் பெயர் தெரிந்தவர்கள் சிலரே. கோடு போட்டவர் ஒருவர், வண்ணம் நிரப்பிய பெண்கள் சிலர். துணியில் எவர் பெயரும் இராது.

இனி நிறம். கடுக்காய் மஞ்சள் வெளிச்சத்துக்குத் தாங்காது. பச்சை என்பது அவுரி நீலத்தின் மேல் பூசிய மஞ்சள்தான். மஞ்சள் வெளுத்ததும் இலை நீலமாகிவிடும். அருங்காட்சியகங்களில் உள்ள பழைய விரிப்புகளில் நீல இலைகள் தெரிவது இதனால்தான். இரும்பும் வெல்லமும் ஊறிய நீர் கடுக்காய்த் துணியில் பட்டுப் பிறக்கும் கறுப்போ, காலப்போக்கில் தான் இருக்கும் இழையையே அரிக்கும். ஆகவே சன்னலுக்கு எதிர்ச்சுவரில் மாட்டாதீர்கள். பிளைவுட்டில் பசை போட்டு ஒட்டும் சட்டக்காரரிடம் கொடுக்கவே வேண்டாம் (வெயிலைவிட அவர் செய்யும் கேடு பெரிது). கண்ணாடி துணியில் படக்கூடாது. மடித்தால் மடிப்பில் இற்றுப்போகும். வெள்ளைப் பருத்தித் துணி சுற்றிய குழாயில் சுருட்டி வையுங்கள்.

அடுத்த முறை வாங்கும்போது பேரம் பேசுவதற்கு முன், வரைந்தவர் பெயர், நிரப்பியவர் பெயர், சாயங்கள், ஆண்டு இவற்றை ரசீதில் எழுதித் தரச் சொல்லுங்கள்.