கடைசிப் பெட்டியின் பெருக்கல் குறி

கேட் மூடிக் கிடக்கும்போது ரயில் தடதடவென்று கடந்து போகிறது. போய் முடிந்ததும் அதன் முதுகில் ஒரு பெரிய மஞ்சள் பெருக்கல் குறி தெரிகிறது. சேலத்தில் முள்ளுவாடி கேட்டில் வண்டியை அணைத்துவிட்டு வியர்த்து நின்றவர்கள் எல்லோரும் அதைப் பார்த்திருப்பார்கள். ஏன் போட்டிருக்கிறார்கள் என்று கேட்டால் சிலர் அழகுக்கு என்பார்கள், சிலர் 'எக்ஸ்பிரஸ்' என்பதைத்தான் சுருக்கி எழுதியிருக்கிறார்கள் என்று அடித்துச் சொல்வார்கள்.

அது ஸ்டேஷன் மாஸ்டருக்கும் பாயிண்ட்ஸ்மேனுக்கும் எழுதியது. பெருக்கல் குறி போட்ட பெட்டி வந்துவிட்டது என்றால் ரயில் முழுசாக வந்து சேர்ந்துவிட்டது என்று பொருள். வழியில் இணைப்பு அறுந்து நான்கு பெட்டிகள் தண்டவாளத்திலேயே நின்றுபோயிருந்தால், முன்பாதி மட்டும் ஸ்டேஷனைக் கடக்கும், குறி வராது. குறி வராவிட்டால் பின்னால் காத்திருக்கும் அடுத்த ரயிலுக்கு வழி விடக் கூடாது. பெருக்கல் குறியோடு 'எல்.வி.' என்று எழுதிய சின்னத் தகடு ஒன்றும் தொங்கும். கடைசி வண்டி என்பதன் ஆங்கில முதலெழுத்துகள் அவை. இரவில் இதே வேலையைச் சிவப்பு விளக்கு செய்கிறது. இப்போது பல இடங்களில் தண்டவாளத்தில் பொருத்திய கருவி அச்சுகளை எண்ணி, உள்ளே போன அத்தனையும் வெளியே வந்ததா என்று சரிபார்த்துவிடுகிறது. ஆனாலும் குறியை யாரும் அழிக்கவில்லை. எனக்கு அதில் சந்தோஷம்தான்.

ரயில் எழுத்துகளை ரசிக்க விரும்புகிறவருக்கு நான் சொல்லும் வழி ஒன்றுதான்: எந்தக் குறியைப் பார்த்தாலும், இதை யார் படிக்க வேண்டும், படித்ததும் அந்த இடத்தில் அவர் என்ன செய்ய வேண்டும் என்று கேளுங்கள். சேலம் அஸ்தம்பட்டி ரவுண்டானாவில் நின்றால் ஏற்காடு, ஜங்ஷன் என்று பஸ்கள் நெற்றியில் எழுதிக்கொண்டு வருவது நமக்காக. ரயிலில் நமக்காக எழுதியிருப்பது மிகவும் கொஞ்சம். மற்றதெல்லாம் அடுத்தவர் கடிதம். கூச்சப்படாமல் படிக்கலாம், யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள்.

எல்லோர் கையிலும் இருக்கும் டிக்கெட்டிலிருந்தே தொடங்கலாம். சேலம் ஜங்ஷனின் குறியீடு எஸ்.ஏ. ஈரோடு இ.டி. சென்னை எழும்பூர் எம்.எஸ். இரண்டே எழுத்து. தந்தி அடித்துச் செய்தி அனுப்பிய காலத்தில் ஒவ்வோர் எழுத்தும் கைவேலை. பழைய, பெரிய நிலையங்கள் சின்னக் குறியீடுகளை எடுத்துக்கொண்டுவிட்டன. பின்னால் வந்தவர்களுக்கு மூன்றெழுத்து, அதற்கும் பின்னால் வந்தவர்களுக்கு நான்கெழுத்து. நாமக்கல்லைப் பாருங்கள்: என்.எம்.கே.எல். சேலம் - கரூர் பாதை 2013இல் திறந்த பிறகுதான் அந்த ஊருக்கு ரயில் வந்தது. ராசிபுரமும் அப்படியே, ஆர்.ஏ.எஸ்.பி. இது கறாரான விதி இல்லை. ஆனாலும் குறியீட்டின் நீளத்தை வைத்து நிலையத்தின் வயதை ஊகிக்கும் விளையாட்டில் பெரும்பாலும் ஜெயிக்கலாம்.

இடமில்லாமல் நெருக்கியடித்து உட்கார்ந்த குறியீடுகள் இன்னும் சுவாரசியம். பொம்மிடிக்கு பி.க்யூ.ஐ. ஊர்ப் பெயரில் க்யூ எங்கிருந்து வந்தது? நாடு முழுக்க ஒரு குறியீடு ஒரு நிலையத்துக்குத்தான் என்பதால், வேறு ஊர்கள் எடுத்ததுபோக மிஞ்சியதில் பொருத்தியிருக்கிறார்கள். சேலம் டவுனுக்கு எஸ்.எக்ஸ்.டி. என்றானதும் இந்த வகைதான். சேலம் மார்க்கெட் மட்டும் எஸ்.ஏ.எம்.டி. என்று நான்கெழுத்தில் தாராளமாக உட்கார்ந்திருக்கிறது. சென்னை சென்ட்ரல் கதை வேறு. மெட்ராஸ் 1996இல் சென்னை ஆனது, 2019இல் நிலையத்துக்கு எம்.ஜி.ஆர். பெயர் வந்தது, டிக்கெட்டில் மட்டும் இன்றைக்கும் எம்.ஏ.எஸ். பலகையை மாற்றுவது ஒருநாள் வேலை. குறியீட்டை மாற்றினால் கணினியிலும் கால அட்டவணையிலும் சரக்குக் கணக்கிலும் எத்தனை இடத்தில் கைவைக்க வேண்டும் என்று யோசித்துப் பாருங்கள்.

ரயில் எண்ணுக்கும் ஒரு சின்னக் கணக்கு உண்டு. 2010 டிசம்பரிலிருந்து எல்லா எண்களும் ஐந்து இலக்கம். 1 அல்லது 2இல் தொடங்கினால் தொலைதூர ரயில், 0 என்றால் சிறப்பு ரயில், 6 என்றால் மெமு எனும் குறுந்தூர மின்சார ரயில். ஏற்காடு எக்ஸ்பிரஸ் சென்னையிலிருந்து ஈரோடு வரும்போது 22649, திரும்பிப் போகும்போது 22650. இரண்டாவது இலக்கம் 2 என்பது அதிவிரைவு வரிசை. மூன்றாவதாக உள்ள 6 தெற்கு ரயில்வே. கோவை எக்ஸ்பிரஸ் 12675, சேரன் 12673 என்று அந்த 6 நம் பக்கத்து ரயில்களில் திரும்பத் திரும்ப வரும். ஏற்காட்டின் பெயரை வைத்துக்கொண்டு மலை ஏறாத ரயில் அது என்பதை அஸ்தம்பட்டிக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. மலைக்கு நம் ரவுண்டானாவைத் தாண்டித்தான் போயாக வேண்டும்.

சரி, ஜன்னலோரம் உட்காருங்கள். பகல் ரயிலாக இருக்கட்டும். சேலத்திலிருந்து ஜோலார்பேட்டை போகும் பாதை இதற்குத் தோது. லோகூர், பொம்மிடிப் பக்கம் காடும் மலையும் நெருங்கி வரும், பார்க்க வேறு ஏதாவது இருந்துகொண்டே இருக்கும். மின்கம்பங்களில் சின்னத் தகடு அடித்து, மேலே ஓர் எண், கீழே ஓர் எண் எழுதியிருப்பார்கள். மேலே 330, கீழே 14 என்று இருந்தால் 330ஆவது கிலோமீட்டர் கணக்கில் 14ஆம் எண் கம்பம். சேலம் ஜங்ஷன் சென்னை சென்ட்ரலிலிருந்து 334 கிலோமீட்டர். ஆகவே நம் ஊருக்குச் சற்று வடக்கே இந்த எண்களைப் பார்க்கலாம். ஒரு பக்கத்துப் பாதைக்கு ஒற்றைப்படை, மறுபக்கத்துக்கு இரட்டைப்படை. கம்பத்துக்குக் கம்பம் அதிகபட்சம் 72 மீட்டர்தான். தண்டவாளத்தில் மாடு கிடக்கிறது, விரிசல் தெரிகிறது என்று டிரைவரோ டிராக்மேனோ சொல்ல வேண்டுமானால் அந்த இரண்டு எண் போதும். 'அந்தப் புளியமரத்துக்குப் பக்கத்தில்' என்று வழி சொல்லும் வேலையே கிடையாது.

அடுத்தது மஞ்சள் பலகையில் கறுப்பாக 'டபிள்யூ/எல்'. இது லோகோ பைலட்டுக்கு, அதாவது டிரைவருக்கு: லெவல் கிராசிங் வருகிறது, ஹாரன் அடி. கிராசிங்குக்கு ஏறக்குறைய 600 மீட்டர் முன்னால் நட்டிருப்பார்கள். மூடிய கேட்டில் நிற்கும்போது ரயில் கண்ணில் படும் முன்பே நீண்ட ஹாரன் கேட்கிறதே, அது பெரும்பாலும் இந்தப் பலகையின் குரல். கேட்டைக் காக்கும் சிக்னல் கம்பத்தில் மஞ்சள் வட்டத்தில் 'ஜி' என்று இருக்கிறதா என்றும் பாருங்கள். அது சிவப்பிலேயே நின்றால் லோகோ பைலட் ரயிலை நிறுத்தி ஹாரன் அடித்து, பகலில் ஒரு நிமிடம், இரவில் இரண்டு நிமிடம் காத்திருந்து, பிறகு கேட் வரை மெல்ல உருட்டிப் போகலாம். ஜி இல்லாத ஸ்டேஷன் சிக்னலில் இந்தச் சலுகை கிடையாது. உரிய அனுமதி வரும்வரை நிற்க வேண்டியதுதான். ஓர் எழுத்து ரயிலின் சட்டத்தையே மாற்றிவிடுகிறது.

பாதை வேலை நடக்கும் இடத்தில் ரயில் ஊர்ந்து போய், பிறகு வேகம் பிடிக்கும். அங்கே வட்டப் பலகைகள் இரண்டு வரும்: 'டி/பி', 'டி/ஜி'. வேகக் கட்டுப்பாடு முடிந்தது என்பதுதான் இரண்டுக்கும் பொருள். முதலாவது பயணிகள் ரயிலுக்கு, இரண்டாவது சரக்கு ரயிலுக்கு. ஏன் இரண்டு? டிரைவர் இருப்பது முன்னால்; ஆனால் கடைசிப் பெட்டியும் வேலை நடக்கும் இடத்தைத் தாண்டிய பிறகுதான் அவர் வேகம் எடுக்கலாம். சரக்கு ரயில் நீளம் அதிகம் என்பதால் அதற்கு வேறு பலகை. இது புரிந்த பிறகு, ரயில் எங்கே முறுக்கிக்கொண்டு கிளம்பப்போகிறது என்று ஜன்னலோரத்திலிருந்தே முன்கூட்டிச் சொல்லலாம். பக்கத்து சீட்டுப் பிள்ளைகளிடம் நல்ல மரியாதை கிடைக்கும்.

எனக்கு மிகவும் பிடித்தது 'டி.ஜே.' பலகை. மேலே போகும் கம்பிக்குப் பல துணை மின்நிலையங்களிலிருந்து மின்சாரம் வருகிறது. ஒன்றின் மின்சாரமும் அடுத்ததன் மின்சாரமும் தொட்டுக்கொள்ளக் கூடாது என்பதால் நடுவில் கொஞ்ச தூரம் மின்சாரமே இல்லாத கம்பியாக விட்டிருப்பார்கள். 500 மீட்டர், 250 மீட்டர் என்று முன்னறிவிப்புப் பலகைகள், பிறகு டி.ஜே.யைத் திற என்று ஒரு பலகை, தாண்டியதும் மூடு என்று இன்னொன்று. டி.ஜே. என்பது எஞ்சினின் பிரதான சுவிட்ச். பிரெஞ்சுக்காரர்கள் வைத்த பெயர். 1950களின் கடைசியில் 25,000 வோல்ட் முறையை நாம் எடுத்துக்கொண்டபோது அவர்கள்தான் ஆலோசகர்கள். இவ்வளவு காலமாகியும் அந்த இரண்டு எழுத்து சேலத்துக் கருவேலம் புதருக்குள் நின்றுகொண்டிருக்கிறது. எஞ்சினிலிருந்தே பெட்டிகளுக்கு மின்சாரம் எடுக்கும் ரயிலின் ஏ.சி. பெட்டியில் இருந்தால் இந்த இடத்தை உடம்பே கண்டுபிடிக்கும். ஏ.சி.யின் இரைச்சல் சட்டென்று அடங்கும், ரயில் தன் வேகத்திலேயே நழுவும், சில நொடிகளில் இரைச்சல் திரும்பும். பழுது என்று பக்கத்திலிருப்பவர் பதறினால் நீங்கள் பலகையைக் காட்டலாம்.

ஜங்ஷனுக்குள் வந்ததும் தரையோடு தரையாக இருக்கும் குட்டி சிக்னல்களைத் தேடுங்கள். சிவப்பும் பச்சையும் இல்லாமல் இரண்டு வெள்ளை விளக்குகள் மட்டும் எரியும். கிடைமட்டமாக எரிந்தால் நில்; சாய்வாக எரிந்தால் போ. யார்டுக்குள் பெட்டிகளைத் தள்ளி இழுக்கும் ஷண்டிங் எஞ்சினுக்கான மொழி இது. ஐரோப்பிய நகரங்களில் ட்ராமுக்கும் இதே யுக்திதான்: வெள்ளைக் கோடு படுத்திருந்தால் நில், நிமிர்ந்திருந்தால் போ. சாலையில் ட்ராமோடு சேர்ந்து ஓடும் கார்க்காரர் அதைத் தனக்கான சிக்னல் என்று நினைத்துவிடக் கூடாதல்லவா? இங்கே மெயின் லைன் டிரைவர் குழம்பக் கூடாது, அங்கே கார்க்காரர் குழம்பக் கூடாது. மெட்ராஸில் 1895இலிருந்து 1953 வரை மின்சார ட்ராம் ஓடியது. சேலத்துக்கு அந்தக் கொடுப்பினை இல்லை, நமக்கு யார்டுதான்.

எஞ்சினைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் ரயில் பிரியர்கள் எல்லோரும் அங்கேதான் குவிகிறார்கள். 'டபிள்யூ.ஏ.பி.-7' என்றால் டபிள்யூ அகலப் பாதை, ஏ என்பது ஏ.சி. மின்சாரம், பி பயணிகள் ரயில், 7 வரிசை எண். பி இருக்கும் இடத்தில் ஜி இருந்தால் சரக்கு எஞ்சின், ஏ இருக்கும் இடத்தில் டி இருந்தால் டீசல். 2007க்கு முன் சேலம் - விருத்தாசலம் பாதை மீட்டர் கேஜாக இருந்த காலத்து எஞ்சின்களுக்கு முதலெழுத்து ஒய். எந்த ஷெட் பராமரிக்கிறது என்பதையும் எழுதியிருப்பார்கள். நம் பக்கம் அடிக்கடி கண்ணில் படுவது ஈரோடு.

கூட்டம் எஞ்சினைப் படம் எடுத்துக்கொண்டிருக்கும்போது நீங்கள் இரண்டு பெட்டிகள் சேரும் இடத்துக்குப் போங்கள். பெட்டியின் முனைச் சுவரில் சின்ன எழுத்தில் ஒரு கட்டம் இருக்கும். எந்தப் பட்டறையில், எந்தத் தேதியில் முழுப் பராமரிப்பு முடிந்தது. எந்தத் தேதிக்குள் திரும்பி வர வேண்டும். பெரம்பூர் என்றால் பி.இ.ஆர்., திருச்சி பொன்மலை என்றால் ஜி.ஓ.சி. என்று பட்டறைக் குறியீடும் இருக்கும். தூசி படிந்திருந்தால் நிழலில் நின்று சாய்வாகப் பார்த்தால் தெரியும். பக்கவாட்டில் 'எல்.டபிள்யூ.எஸ்.சி.என்.' என்றிருந்தால்: எல் ஜெர்மன் வடிவமைப்பான எல்.எச்.பி. பெட்டி, டபிள்யூ பெட்டிக்குப் பெட்டி நடந்து போகும் வழி உண்டு, எஸ் இரண்டாம் வகுப்பு, சி.என். மூன்றடுக்குப் படுக்கை. நாம் 'ஸ்லீப்பர்' என்று ஒரே சொல்லில் முடித்துவிடுகிறோம்.

கடைசியாக வைத்திருப்பது சரக்கு வேகன். மேட்டூர் அனல் மின் நிலையத்துக்கு நிலக்கரி ரயிலில் வருவதால் சேலம் பக்கம் இதற்குப் பஞ்சமில்லை. 'பி.ஓ.எக்ஸ்.என்.' என்றால் மேல்மூடி இல்லாத திறந்த வேகன். கடைசி எழுத்தான என் காற்று பிரேக்கைக் குறிக்கும். மூடிய வேகன் 'பி.சி.என்.', சிமெண்டும் அரிசியும் போவது அதில். அருகிலேயே பதினோரு இலக்க எண் இருக்கும். முதல் இரண்டு வேகன் வகை, அடுத்த இரண்டு சொந்தக்கார ரயில்வே (06 என்றால் தெற்கு), அடுத்த இரண்டு கட்டிய ஆண்டு, அடுத்த நான்கு தனி எண். பதினோராவது இலக்கம் மற்ற பத்தையும் காவல் காக்கும் சரிபார்ப்பு இலக்கம். எண்ணைக் குறித்துக்கொள்ளும் குமாஸ்தா ஓர் இலக்கத்தை மாற்றி எழுதிவிட்டால் அது காட்டிக்கொடுத்துவிடும்.

நானே எழுதிக்கொண்ட ஓர் எண்ணில் கணக்கைப் போட்டுக் காட்டுகிறேன்: 70 06 11 2047. அடிப்பக்கம் திறந்து கொட்டும் வகை, தெற்கு ரயில்வே, 2011இல் கட்டியது. இரட்டைப்படை இடங்களில் உள்ளவை 0, 6, 1, 0, 7; கூட்டினால் 14, மும்மடங்கு 42. ஒற்றைப்படை இடங்களில் 7, 0, 1, 2, 4; அதுவும் 14. இரண்டும் சேர்ந்து 56. அடுத்த பத்தின் மடங்கான 60ஐத் தொட இன்னும் 4 வேண்டும். ஆக, பதினோராவது இலக்கம் 4. சரக்கு ரயில் லூப் லைனில் படுத்துக் கிடக்கும்போது பிளாட்பாரத்தில் நின்றபடியே நான்கைந்து வேகன்களுக்கு இதைப் போட்டுப் பாருங்கள். கணக்கு உதைத்தால் ரயில்வேயைச் சந்தேகிக்காமல் முதலில் உங்கள் கண்ணைச் சந்தேகியுங்கள். பெயிண்ட் உதிர்ந்த 3ஐ 8 என்று படித்திருப்பீர்கள்.

இதற்காகத் தண்டவாளத்தில் இறங்க வேண்டாம். ரயில்வே சட்டம் 147ஆவது பிரிவின்படி அது அத்துமீறல், குற்றம். பிளாட்பாரம் டிக்கெட் எடுத்துக்கொண்டு பிளாட்பாரத்தின் கோடி வரை நடந்தால் சிக்னல், ஷண்டிங் விளக்கு, கிலோமீட்டர் தகடு எல்லாம் அங்கிருந்தே தெரியும். அஸ்தம்பட்டியிலிருந்து ஜங்ஷன் பஸ் ஏறினால் போதும். நெற்றியில் நமக்காகவே எழுதியிருக்கும்.