பொய்யென நிறுவப்பட்ட பின்னும் வாழும் பனுவல்: 'சீயோன் மூப்பர்களின் நடவடிக்கைக் குறிப்புகள்'

முன்னுரை

யூத வெறுப்பு இடைக்காலச் சமயப் பகையின் எச்சம் என்றும், கல்வி பரவப் பரவ அது தானே மறையும் என்றும் கருதுவோர் உளர். நாளிதழ்களின் காலத்தில் பிறந்து, போலியென்று மெய்ப்பிக்கப்பட்ட பின்னும் படிக்கப்பட்டுவரும் 'சீயோன் மூப்பர்களின் நடவடிக்கைக் குறிப்புகள்' அக்கருத்தை மறுக்கும் சான்றாக அமைகின்றது.

பனுவலின் தோற்றம்

உலகைக் கைப்பற்றத் திட்டமிடும் யூதத் தலைவர்களின் இரகசியக் கூட்டக் குறிப்பு என்ற பெயரில் இது 1903-இல் ரஷ்ய நாளிதழ் ஒன்றில் வெளிவந்தது. 1921-இல் இலண்டன் 'டைம்ஸ்' நாளிதழின் செய்தியாளர் பிலிப் கிரேவ்ஸ் இதன் மூலத்தை வெளிப்படுத்தினார். மூன்றாம் நெப்போலியனின் ஆட்சியைச் சாடி மோரிஸ் ஜோலி 1864-இல் வெளியிட்ட உரையாடல் நூலின் பகுதிகள் இதில் களவாடப்பட்டிருந்தன. ஜோலியின் நூலில் யூதர் பற்றிய பேச்சே இல்லை. பேரரசன் மீதான அங்கதம் ஓர் இனத்தின் மீதான குற்றச்சாட்டாகத் திரிக்கப்பட்டது.

நிலைபேற்றின் காரணங்கள்

ஹென்றி ஃபோர்டுக்குச் சொந்தமான வார இதழ் 1920 முதல் இக்கருத்துகளை அமெரிக்காவில் பரப்பியது. 1927-இல் அவர் மன்னிப்புக் கோரினார். அதற்குள் அவ்விதழின் கட்டுரைத் தொகுப்பு ஜெர்மனியில் பரவியிருந்தது. இப்பனுவலைப் போலியென்று மறுப்பதே அதன் உண்மைக்குச் சான்று என ஹிட்லர் வாதிட்டார். மறுப்பே சான்றாகும் இடத்தில் ஆராய்ச்சி வலுவிழந்து போகின்றது.

பனுவலின் அமைப்பும் இதற்குத் துணைபுரிகின்றது. பேசுவோரின் பெயரோ கூடிய நாளோ அதனுள் இல்லை. ஆதலால் போர், புரட்சி, பணவீக்கம் என எந்த நெருக்கடியோடும் அதனைப் பொருத்திவிட இயலும். முதலாளியமும் பொதுவுடைமையும் ஒரே கையின் சூழ்ச்சி என நம்பவும் அது இடந்தருகின்றது.

2018 அக்டோபர் 27 அன்று பிட்ஸ்பர்க் நகரின் யூதத் தொழுகைக்கூடத்தில் 11 பேர் சுட்டுக்கொல்லப்பட்டனர். அகதிகளுக்கு உதவும் யூத அமைப்பொன்று தன் மக்களை அழிக்க அயலாரைக் கொண்டுவருகின்றது எனக் கொலையாளி இணையத்தில் எழுதியிருந்தான். மறைந்திருந்து ஆட்டுவிக்கும் கை என்னும் பழைய கதையே இங்குப் புதிய பெயர்களோடு மீண்டது.

முடிவுரை

போலியை வெளிப்படுத்தும் பணி 1921-இலேயே நிறைவேறிற்று. எனினும் வெறுப்பு முதலில் பிறந்து, தனக்கான சான்றைப் பின்னர்த் தேடிக்கொள்கின்றது. தன் துன்பங்களுக்கு ஒரு குற்றவாளியின் முகம் தேடும் சமூகம், இப்பொய்யை மீண்டும் மீண்டும் நாடுவது ஏன் என்பதையும் திறனாய்வு ஆராய்தல் வேண்டும்.