டாக்டர் தைத்த பந்து

பேஸ்பாலின் ஆரம்பகால நிக்கர்பாக்கர் கிளப் என்று பேச்செடுத்ததுமே நம் ஆட்கள் நேராக அதன் உறுப்பினர் கார்ட்ரைட்டிடம் போய் நிற்கிறார்கள். பேஸ்பாலைக் கண்டுபிடித்தவர் டபுள்டே என்ற கதையை இப்போது யாரும் நம்புவதில்லை, நல்லது. ஆனால் காலியான அந்த நாற்காலியில் கார்ட்ரைட்டைத் தூக்கி உட்கார வைத்துவிட்டோம். கூப்பர்ஸ்டவுன் பேஸ்பால் புகழ் மண்டபத்தில் இருக்கும் தகடு அவர் தலையில் மூன்று பெருமைகளை ஏற்றி வைத்திருக்கிறது: பேஸ்களுக்கு நடுவே 90 அடி, ஒன்பது இன்னிங்ஸ், ஒன்பது பேர். மூன்றும் 1857-ல் கிளப்புகள் கூடிய மாநாட்டில் முடிவானவை. கார்ட்ரைட்டோ 1849 மார்ச்சிலேயே நியூயார்க்கை விட்டுக் கலிஃபோர்னியாவுக்குக் கிளம்பி, ஹவாய் போய், அங்கேயே தங்கிவிட்டார். அந்த மாநாட்டுக்குத் தலைமை தாங்கியவர் டாக்டர் டேனியல் லூசியஸ் ஆடம்ஸ். என் கட்சி ஆடம்ஸ் கட்சி, முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

கார்ட்ரைட்டுக்குப் பங்கே இல்லை என்று வாதாடவில்லை. 1845 செப்டம்பர் 23-ல் கிளப் விதிகளை ஏற்றபோது அவர் இருந்தார், உழைத்தார். ஆனாலும் அந்த விதிகளின் கீழே குழுவினராகக் கையெழுத்திட்டிருப்பவர்கள் வீட்டனும் டக்கரும்தான். இருபது விதிகளில் எனக்குப் பிடித்தது, ஓடுகிறவன்மேல் பந்தை எறிந்து அவுட்டாக்கக் கூடாது என்பது. அதற்கு முன் பந்து முதுகில் வந்து விழும். விழுந்தால் வலிக்கக் கூடாதே என்று பந்தைப் பஞ்சு மாதிரி வைத்திருந்தார்கள். எறிவதை நிறுத்தியதும் பந்தைக் கொஞ்சம் கெட்டியாக்கலாம் என்றாயிற்று. சரி, கெட்டிப் பந்து எங்கே கிடைக்கும்? கதை இங்கேதான் ஆடம்ஸ் கைக்கு வருகிறது.

நியூ ஹாம்ப்ஷயர்க்காரர். யேல், பிறகு ஹார்வர்டு மருத்துவம். கிளப் தொடங்கி ஒரு மாதம் கழித்துச் சேர்ந்தார். பந்து செய்துதர ஆள் தேடி நியூயார்க் முழுக்க அலைந்தும், காசு தருகிறேன் என்று சொல்லியும் ஒருவரும் முன்வரவில்லை. கடைசியில் குதிரைச் சேணம் தைக்கும் ஸ்காட்லாந்துக்காரர் ஒருவர் அகப்பட்டார். சாட்டைக்கு எடுக்கும் குதிரைத் தோலால் பந்தைப் பொதிவது எப்படி என்று அவர்தான் காட்டிக்கொடுத்தார். அதன்பின் டாக்டரே உட்கார்ந்து தைத்தார். மூன்று நான்கு அவுன்ஸ் ரப்பர் துண்டுகளை உருட்டி, மேலே நூலை இறுக்கிச் சுற்றி, அதன்மேல் தோலைப் போர்த்தித் தையல். ஆறேழு வருஷம் இப்படி. தங்கள் கிளப்புக்கு மட்டுமல்ல, புதிதாகக் கிளம்பிய எதிர்க் கிளப்புகளுக்கும் பந்து இவர் கையிலிருந்துதான் போனது. பேட்டும் அப்படியே. கடைசல் பட்டறை ஒவ்வொன்றாக ஏறி இறங்கி, நல்ல மரம் பொறுக்கி, பக்கத்தில் நின்று கடைய வைத்தார். பகலில் நோயாளிகளைப் பார்த்துவிட்டு இரவு விளக்கடியில் குதிரைத் தோலில் ஊசி ஏற்றும் ஒரு மருத்துவரை நினைத்துப் பாருங்கள். விரல் நுனி எவ்வளவு காய்த்திருக்கும்!

அவர் பந்து கொஞ்சம் லேசு. அவுட்ஃபீல்டிலிருந்து எவ்வளவு பலமாக வீசினாலும் 200 அடி தாண்டாது. நடுவில் நின்று வாங்கி உள்ளே கொடுக்க ஓர் ஆள் வேண்டும். அந்த இடத்துக்கு ஆடம்ஸ் தாமே போய் நின்றார். 1849, 1850 வாக்கில் ஷார்ட்ஸ்டாப் பிறந்தது இப்படித்தான். தையல் தேறத் தேறப் பந்து கெட்டியாகி வேகமும் தூரமும் கூடின. அப்போதுதான் ஷார்ட்ஸ்டாப் உள்ளே நகர்ந்து இரண்டாவது பேஸுக்கும் மூன்றாவது பேஸுக்கும் இடையே வந்து நின்றார். புரூக்ளின் அட்லான்டிக்ஸின் டிக்கி பியர்ஸைக் காட்டி, "இவர்தான் அசல் ஷார்ட்ஸ்டாப்" என்று மல்லுக்கு நிற்கும் நண்பர்கள் எனக்கு உண்டு. பியர்ஸின் காலும் மூளையும் அபாரம், மறுக்கவில்லை. ஆனால் நிற்கத் தெரிந்தவர் பியர்ஸ். அங்கே ஒருவர் நின்றாக வேண்டும் என்று கண்டவர் ஆடம்ஸ்.   

வேடிக்கை என்னவென்றால், 2023 முதல் மேஜர் லீக்கில் பிட்சர் எறியத் தொடங்கும்போது இன்ஃபீல்டர் நால்வரும் இன்ஃபீல்டுக்குள்ளேயே நிற்க வேண்டும். ஆடம்ஸ் போய் நின்ற இடத்தில் இன்று ஒரு ஷார்ட்ஸ்டாப் நின்றால் விதிமீறல்.

ஹோபோக்கனின் எலிஷியன் ஃபீல்ட்ஸை எல்லாரும் சொர்க்கம் போல வர்ணிப்பார்கள். படகேறி ஹட்சன் ஆற்றைத் தாண்ட வேண்டும். உறுப்பினர்கள் வியாபாரிகள், வக்கீல்கள், பேங்க் குமாஸ்தாக்கள். பிற்பகல் மூன்று மணிக்கு மேல் கை ஓய்ந்தவர்கள். ஆடம்ஸ் கெஞ்சிக் கூப்பிட்டும் பல நாள் இரண்டு மூன்று பேர்தான் வந்திருப்பார்கள். வந்த ஆளை வைத்து 'ஓல்டு கேட்' ஆடிவிட்டுத் திரும்புவார். 1846 ஜூன் 19-ல் நியூயார்க் அணியிடம் நான்கே இன்னிங்ஸில் 23-1 என்று தோற்றார்களே, அந்த ஒன்பது பேரில் அவரும் ஒருவர். எதிரணி டேவிஸுக்குக் கெட்ட வார்த்தை பேசியதற்காக ஆறு சென்ட் அபராதம் என்று கிளப் நோட்டில் பதிவாகியிருப்பது எனக்கு அந்த ஸ்கோரைவிட ருசி. பிறகு 1847-ல் தலைவரானார். கிளப் உயிரோடிருந்தது பெரும்பாலும் அவர் பிடிவாதத்தால்தான்.

அந்தப் பிடிவாதம் ஒன்றில் மட்டும் பலிக்கவில்லை. தரையில் ஒருமுறை குதித்த பந்தைப் பிடித்தாலும் அவுட் என்ற விதியை எடுத்துவிடச் சொல்லி ஆண்டுதோறும் மன்றாடினார். ஆண்பிள்ளை என்றால் அந்தரத்தில் பிடிக்க வேண்டும் என்பது அவர் கட்சி. அந்தரக் காட்சுக்கு ஓட்டு விழுந்தது 1864 டிசம்பரில். அவர் 1862-லேயே கிளப்பை விட்டிருந்தார்.

பழைய விதிப்படி இப்போதும் அமெரிக்காவில் சில குழுக்கள் ஆடுகின்றன. நான் பார்த்த ஓர் ஆட்டத்தில் கையுறை யாருக்கும் இல்லை. உயரப்போன பந்தின் கீழே போய் நின்ற நரைமீசைக்காரர் கைகளை முன்னால் நீட்டவே இல்லை. வயிற்றோடு சேர்த்துக் கிண்ணம் போலக் குவித்து, பந்து விழும் கணத்தில் கூடவே கீழே தாழ்த்தினார். 'டொப்' என்ற ஓசைகூட வரவில்லை. பிறகு விரலை உதறிப் பார்த்துக்கொண்டார். ஒரே பந்து முழு ஆட்டமும் ஓடியது. கடைசி இன்னிங்ஸில் தையல் தளர்ந்து கறுத்துப்போயிருந்தது. மட்டையில் படும்போது ஒலியும் மாறியிருந்தது. ஆடுகிறவர்கள் அதற்கேற்ப முன்னே வந்து நின்றார்கள். இன்று மேஜர் லீக்கில்? மண்ணில் ஒரு முறை புரண்டால் அம்பயர் புதுப் பந்து கேட்கிறார். 108 தையலை இன்னமும் கோஸ்டா ரிக்காவில் கையால்தான் போடுகிறார்கள், அதுவரை சந்தோஷம். அவ்வளவு பாடுபட்டுத் தைத்த பந்து நாலு எறிக்குள் ஓய்வுபெறுகிறது. பந்து கிழடு தட்டுவதைப் பார்க்கும் சுகம் நமக்குப் போயே போய்விட்டது.

2015-ல் கூப்பர்ஸ்டவுன் தேர்வுக் குழு ஆடம்ஸ் பெயரைப் பரிசீலனைக்கு எடுத்துக்கொண்டது. 16 பேரில் 10 பேர் ஆதரித்தார்கள், வேண்டியது 12. மறு வருஷமே 1857 மாநாட்டுக்காக அவர் கைப்பட எழுதிய விதித்தாள்கள் ஏலத்தில் 32 லட்சம் டாலருக்கு மேல் போயின. அவருக்கு இன்னும் தகடு இல்லை. கார்ட்ரைட்டின் தகட்டைக் கழற்றச் சொல்லி நான் கேட்கவில்லை. அதில் உள்ள அந்த மூன்று பெருமைகளை மட்டும் அழித்துவிட்டு, உரியவர் பெயரில் இன்னொரு தகடு அடித்தால் போதும்.