எக்ஸ் எப்போது தேவைப்படுகிறது?

ஆறு, ஏழாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு இயற்கணிதத்தை விதி விதியாகச் சொல்லித்தர வேண்டாம், நல்ல கணக்குகளைக் கொடுத்தால் போதும், யோசிக்க யோசிக்க அந்தச் சிந்தனை தானே வளரும் என்று பலர் நம்புகிறார்கள். மனப்பாடக் கணிதத்தைப் பார்த்து நொந்துபோன ஆசிரியர்களுக்கு இந்த நம்பிக்கை பிடித்துப்போவது இயல்பு. ஆனாலும் எடைபோடாமல் ஏற்கக் கூடாது.

முதலில் சாதகமான சான்று. அமெரிக்க ஆய்வாளர்கள் கென்னத் கோடிங்கரும் மிட்செல் நேதனும் ஒரே கணக்கைக் கதையாகவும் சமன்பாடாகவும் உயர்நிலைப்பள்ளி மாணவர்களிடம் கொடுத்தார்கள். 2004இல் வெளியான முடிவு ஆசிரியர்களின் எதிர்பார்ப்புக்கு நேர்மாறாக இருந்தது. சமன்பாட்டைவிடக் கதைக் கணக்கையே மாணவர்கள் அதிகம் சரியாகப் போட்டிருந்தார்கள்.

எப்படிப் போட்டார்கள் என்பதில்தான் விஷயம் இருக்கிறது. பலர் விடையிலிருந்து பின்னோக்கி வந்தார்கள், சிலர் ஓர் எண்ணை ஊகித்துப் போட்டுப் பார்த்தார்கள். 'ஓர் எண்ணை 3ஆல் பெருக்கி 5ஐக் கூட்டினால் 26' என்றால், 26இல் 5 போக 21, அதை மூன்றால் வகுத்தால் 7. தெரியாத எண்ணை இங்கே யாரும் தொடவே இல்லை. தெரிந்த எண்களை வைத்தே வேலை முடிந்துவிட்டது. அருமையான எண்கணிதம்தான், இயற்கணிதம் அல்ல. இப்படிப்பட்ட கணக்குகளுக்கு 'எக்ஸ் என்க' என்று எழுதச் சொல்லும்போது, விடையை மனத்திலேயே கண்டுவிட்ட பிள்ளை மதிப்பெண்ணுக்காக எக்ஸை எழுதிவைக்கிறது. அதற்கு எக்ஸ் ஒரு சடங்கு.

தெரியாத எண் சமக்குறியின் இரு பக்கமும் வரும்போது கதை மாறுகிறது. மெக்சிகோவில் 12, 13 வயதுப் பிள்ளைகளை ஆராய்ந்த ஃபியோய், ரொஹானோ இருவரும் 1989இல் இந்த இடத்தைத்தான் எண்கணிதமும் இயற்கணிதமும் பிரியும் வெட்டுக்கோடாகக் காட்டினார்கள். கோடிங்கர் குழுவே 2008இல் இத்தகைய சிக்கலான கணக்குகளைச் சோதித்தபோது, கதையைவிடச் சமன்பாடே கைகொடுத்தது.

ஒரு வேன்காரர் அடிப்படை வாடகை 800 ரூபாய், கிலோமீட்டருக்கு 14 என்கிறார். இன்னொருவர் 500 ரூபாய், கிலோமீட்டருக்கு 20. எத்தனை கிலோமீட்டரில் இரண்டும் ஒன்றாகும்? பின்னோக்கி வர இங்கே ஒரு விடை எண் கையில் இல்லை. 'முதலில் 300 ரூபாய் வித்தியாசம், ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் அது 6 குறைகிறது, ஆகவே 50' என்று எழுத்தே இல்லாமல் சொல்லும் பிள்ளையும் இருக்கும். எக்ஸ் எழுதாவிட்டாலும் அந்தப் பிள்ளை இரண்டு மாறும் அளவுகளின் உறவைப் பிடித்துவிட்டது. முழு மதிப்பெண் அதற்குத்தான் தருவேன்.

தீக்குச்சி அமைப்புகளோடு இயற்கணிதத்தைத் தொடங்கும் பாடநூல்கள் உண்டு. சரியான தொடக்கம். ஆனால் அட்டவணையை நிரப்பி, '4, 7, 10, மூன்று மூன்றாகக் கூடுகிறது' என்பதோடு நின்றுவிட்டால் பயன் பாதிகூட இல்லை. வரிசையாக ஒட்டிய 100 சதுரங்களுக்கு எத்தனை குச்சி என்று கேட்க வேண்டும். ஒருத்தி, முதல் குச்சி ஒன்று, பிறகு சதுரத்துக்கு மூன்று என்பாள். இன்னொருவன் முதல் சதுரத்துக்கு 4, மீதி 99க்கு மும்மூன்று என்பான். மூன்றாவது பிள்ளை மேலே 100, கீழே 100, நிற்பவை 101 என்று எண்ணும். மூவருக்கும் 301. எந்த எண்ணிக்கைக்கும் இந்த மூன்று வழிகளும் ஏன் ஒத்துப்போகும் என்று கேட்கும் நொடியில்தான் இயற்கணிதம் பிறக்கிறது. அந்தக் கேள்வியைப் பிள்ளைகள் தாமாகக் கேட்பது அரிது. ஆசிரியர்தான் கேட்க வேண்டும்.

தானே வளரும் என்பதற்கு எதிரான சான்றுகள் வலுவானவை. 1999இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், '8 + 4 = □ + 5' என்ற கணக்குக்கு ஆறாம் வகுப்பு மாணவர் 145 பேரும் 12 அல்லது 17 என்றே எழுதினார்கள். 7 என்று ஒருவர்கூட எழுதவில்லை. அத்தனை ஆண்டுகள் கணக்குப் போட்டும் சமக்குறி அவர்களுக்கு 'விடை இதோ' என்ற அறிவிப்பாகவே இருந்தது. ஆஸ்திரேலியாவின் ஜான் ஸ்வெல்லரும் கிரஹாம் கூப்பரும் 1985இல் காட்டியது இன்னும் நேரடியானது. செய்துகாட்டிய எடுத்துக்காட்டுகளைப் படித்தவர்கள், அதே வகைக் கணக்குகளைத் தாமே போராடித் தீர்த்தவர்களைவிட விரைவாகவும் குறைந்த பிழைகளோடும் போட்டார்கள். ஆனால் அந்த நன்மை ஒத்த வகைக் கணக்குகளோடு நின்றது, வகை மாறியதும் தென்படவில்லை. எடுத்துக்காட்டு மட்டும் போதும் என்பாருக்கும் இது பதில்.

ஆகவே என் தீர்ப்பு: கணக்குத் தீர்ப்பது இயற்கணிதச் சிந்தனைக்கு அவசியம், அது மட்டும் போதாது. எண்கணிதத்தாலேயே முடிந்துவிடும் கணக்குகளை எத்தனை கொடுத்தாலும் அந்தச் சிந்தனை வளராது. பாடநூல் எழுதுவோர், பின்னோக்கி வந்தாலே தீர்ந்துவிடும் 'எக்ஸ் என்க' கணக்குகளைப் பாதியாகக் குறைத்து, அந்த இடத்தில் இரு பக்கமும் தெரியாத எண் வரும் கணக்குகளையும், ஒரே அமைப்பைப் பல வழிகளில் எண்ணவைக்கும் கணக்குகளையும் ஆறாம் வகுப்பிலிருந்தே சேர்க்க வேண்டும்.