பூட்டும் திறவுகோலும்: 'வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட்' நிலவறைகளில் வகுப்புத் திறன்களும் கால எல்லையும்

ஆய்வுச்சுருக்கம்

இணையவழிப் பாத்திரமேற்பு விளையாட்டுகளில் நிலவறைத் தடைகளை வெல்ல ஒவ்வொரு வகுப்பின் தனித்திறனும் கருவியாகிறது. அத்திறன் விளையாடுவோரை எப்போது இணைக்கிறது, எப்போது ஒருவரை வெளியே நிறுத்துகிறது என்பதை 'வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட்' வழி இக்கட்டுரை ஆராய்கிறது. திறன்களின் வேறுபாட்டைக் காட்டிலும் கால எல்லையும் இடக்குறைவுமே விலக்கலுக்கு அடிப்படை என்பதை இக்கட்டுரை நிறுவ முயல்கிறது.

திறவுச்சொற்கள்: இணைய விளையாட்டு, வகுப்புத் திறன், நிலவறை, கால எல்லை, விலக்கல்.

முன்னுரை

பிளிசார்டு நிறுவனம் 2004 நவம்பரில் வெளியிட்ட இவ்விளையாட்டு 9 வகுப்புகளுடன் தொடங்கியது. பின்னர் அவை 13 ஆயின. ஈண்டு 'வகுப்பு' என்பது போர்வீரர், மந்திரவாதி, குரு, வேட்டுவர் முதலிய பாத்திரப் பிரிவையே சுட்டும்; சமூக வகுப்பைச் சுட்டாது. விளையாடுவோர் 'டஞ்சன்' என வழங்குவது 'நிலவறை' என ஆளப்படுகிறது. இன்றைய வழக்கில் நிலவறைக் குழு ஐவரால் ஆனது: அடியைத் தாங்குபவர் ஒருவர், குணப்படுத்துபவர் ஒருவர், தாக்குபவர் மூவர்.

விளையாட்டின் விதிகளும் செயல்முறைகளும் வாதங்களை முன்வைக்க வல்லவை என்பது இயன் போகோஸ்ட் 'பெர்சுவேசிவ் கேம்ஸ்' (2007) நூலில் வலியுறுத்தும் கருத்து. அவ்வகையில், எந்தத் திறன் எங்கே பலிக்கும் என்னும் விதியையும் ஒரு கூற்றாகப் படிக்க இயலும்.

பல விடைகளின் களம்

ஸ்ட்ராத்ஹோம் நிலவறை, கொள்ளைநோய்க்கு அஞ்சிய இளவரசன் ஆர்தஸ் தன் குடிகளையே கொன்றழித்த நகரம். அதன் ஒரு பகுதியில் வெறிகொண்ட மனிதப் படையினர் உள்ளனர். மறுபகுதியில் உயிரற்று உலவுவோர் உள்ளனர். தொடக்ககால விதிகளின்படி, மந்திரவாதியின் ஆடாக மாற்றும் மந்திரம் மனிதர்மீதும் விலங்குகள்மீதும் பலிக்கும், மாண்டோர்மீது பலிக்காது. கள்வரின் மயக்கடி மனிதவகைப் பகைவருக்கு மட்டுமே உரியது. குருவின் விலங்கிடும் மந்திரமோ மாண்டோரை மட்டுமே பிணிக்கும்.

எனவே முதற்பகுதியிலிருந்து மறுபகுதிக்குச் செல்லும்போது, அதுவரை குழுவைக் காத்த திறன்கள் செயலிழக்கின்றன. அதுவரை பயன்படாதிருந்த திறன் முன்னுக்கு வருகிறது. எதிரே நிற்போர் இனி மனிதர் அல்லர் என்பதைக் கதைமாந்தர் சொல்லக் கேட்கும் முன்பே, விளையாடுபவர் தம் திறன் பலிக்காமையால் உணர்ந்துகொள்கிறார். கதையும் விதியும் இங்கு ஒன்றையே உரைக்கின்றன.

குழுவில் குரு இல்லையெனினும் வழி அடைபடுவதில்லை. வேட்டுவரின் உறைபனிப் பொறி மாண்டோரையும் பிடிக்கும்; பகைவரைச் சிறுசிறு கூட்டமாகப் பிரித்திழுத்தும் வெல்லலாம். இவ்விடைகள் மெதுவானவை, கவனத்தை மிகுதியாக வேண்டுபவை. எனினும் அவையும் விடைகளே.

ஒற்றைத் திறவுகோல்

40 பேர் நுழையும் 'மோல்ட்டன் கோர்' களத்தில் வரும் மாக்மடார் இதற்கு மாறானது. அது வெறிகொள்ளும்போது வேட்டுவரின் சினந்தணிக்கும் அம்பே அதற்குரிய மாற்று. அத்திறனைக் கற்பிக்கும் நூல் அதே களத்தில் முன்னதாக வீழ்த்தப்படும் லூசிஃப்ரானிடமிருந்து கிடைக்கிறது. பூட்டையும் திறவுகோலையும் வடிவமைப்பாளரே அடுத்தடுத்து வைத்துள்ளனர்.

இத்தகைய பூட்டு விலக்கலுக்கு இட்டுச்செல்லும் எனக் கருதத் தோன்றும். ஆனால் 40 இடங்கள் உள்ள குழுவில் வேட்டுவரைச் சேர்க்க வேறெந்த வகுப்பையும் நீக்க வேண்டியதில்லை. ஆண்டு முழுதும் அரிதாகவே பேசப்படும் வகுப்பினர்க்கும் அந்த ஒரு கணத்தில் மதிப்புக் கிட்டியது. தேவை ஈண்டு இணைப்பாயிற்று.

கால எல்லை செய்வது

2006இல் ஸ்ட்ராத்ஹோமிலேயே ஒரு பணி சேர்க்கப்பட்டது: சிறையிருக்கும் இசிடா என்னும் பெண்ணை 45 நிமிடங்களுக்குள் மீட்க வேண்டும். பகைவரும் திறன்களும் மாறவில்லை; கடிகாரம் மட்டுமே புதிது. ஆயினும் முன்பு விடையாக இருந்த மெதுவான வழிகள் இப்போது பிழைகளாகின்றன. குரு இல்லாத குழு இழப்பது நேரத்தை. நேரமே இங்கு வெற்றி.

2016இல் 'லீஜன்' விரிவாக்கத்துடன் வந்த திறவுகல் முறை இவ்விதியைப் பொதுவாக்கியது. ஐவர் குழு குறித்த நேரத்திற்குள் நிலவறையை முடிக்க வேண்டும். தவறினால் பொதுவாகக் கல்லின் நிலை குறையும். 2023 மே மாதம் இதில் இரு கூடுதல் இடர்கள் சேர்க்கப்பட்டன. ஒன்றில், துயருறும் ஆன்மாக்களைக் குணப்படுத்தவோ அவற்றின் நஞ்சு, நோய், சாபத்தை நீக்கவோ வேண்டும். மற்றொன்றில், உருவிலிகளைக் கட்டுப்படுத்தும் திறனால் முடக்க வேண்டும். நோக்கம் மறக்கப்பட்ட திறன்களுக்கு மதிப்பளிப்பது எனலாம். ஆனால் ஐந்தே இடங்களும் ஓடும் கடிகாரமும் இருக்கையில், அத்திறன் இல்லாத வகுப்பினரைச் சேர்க்கக் குழுத்தலைவர் தயங்குவது இயல்பு. விண்ணப்பிப்பவரின் விளையாட்டுத் தேர்ச்சி அறியப்படுமுன்பே அவரது வகுப்பு எடைபோடப்படுகிறது. 2024இல் இவ்விரு இடர்களும் நீக்கப்பட்டன.

திறன்களைப் பகிர்ந்தளிப்பதும் வடிவமைப்பாளர் கையாண்ட ஒரு தீர்வு. ஷாமனுக்கே உரியதாயிருந்த, குழு முழுவதையும் விரைவுபடுத்தும் ஆற்றலுக்கு இணையானது 2010இல் மந்திரவாதிக்கும் தரப்பட்டது. இது கதவைத் திறந்தது உண்மையே. ஆயினும் எல்லார்க்கும் உரியதான திறன் எவருடைய அடையாளமும் ஆவதில்லை. ஸ்ட்ராத்ஹோம் உணர்த்திய வேறுபாட்டின் பொருள் இதனால் மங்குகிறது. கடிகாரம் உண்டாக்கிய சிக்கலுக்கு வகுப்புகள் விலை கொடுக்கின்றன.

முடிவுரை

வகுப்புகளின் வேறுபாடு தன்னளவில் விலக்கலைத் தோற்றுவிப்பதில்லை. இடமும் நேரமும் தாராளமாக உள்ள களத்தில் அது ஒருவர்க்கொருவர் தேவைப்படும் உறவையே வளர்க்கிறது. அவ்விரண்டும் சுருங்கும்போது அதே வேறுபாடு தகுதிச் சான்றாக மாறுகிறது. கடிகாரம் தரும் விறுவிறுப்பை இக்கட்டுரை மறுக்கவில்லை. அது எவர் இருக்கையைப் பறித்து ஈட்டப்படுகிறது என்பதையே வினவுகிறது. எனவே எவ்வகுப்பு வலிமையானது என வினவுமுன், மெதுவான விடைக்கு அக்களம் இடந்தருகிறதா எனத் திறனாய்வாளர் வினவுதல் வேண்டும்.