இரட்டையை எவ்வளவு நம்பலாம்?

2007இல் அமெரிக்காவின் ஐடஹோ தேசிய ஆய்வகத்தில் ஒரு டீசல் ஜெனரேட்டரை வேண்டுமென்றே உடைத்தார்கள். 2.25 மெகாவாட் இயந்திரம். கணினிக் கட்டளையால் அதன் பிரேக்கரைத் தப்பான கணத்தில் திறந்து திறந்து மூடினார்கள். இயந்திரம் குலுங்கியது, உதிரிகள் தெறித்தன, புகை கக்கி நின்றது. நிரலைக் கொண்டே இரும்பை நொறுக்கலாம் என்பது அன்று கண்கூடானது.

அடுத்த தாக்குதலைச் சோதிக்க இன்னொரு ஜெனரேட்டரைப் பலி கொடுக்க முடியுமா? இங்கேதான் டிஜிட்டல் இரட்டை கைகொடுக்கிறது. நிஜ இயந்திரத்தின் சென்சார் தரவுகளை வாங்கிக்கொண்டு, அதைப்போலவே கணினிக்குள் இயங்கும் மாதிரி அது. ஆயிரம் முறை உடைத்தாலும் யாருக்கும் காயமில்லை. மின்தொகுப்பு, ரயில் சிக்னல் போன்றவற்றை நிறுத்திவைத்துச் சோதிக்க முடியாது என்பதால், இந்த முறை அவசியம் என்றே சொல்வேன்.

என் அச்சமெல்லாம், மாதிரியில் தேறியதை நிஜத்திலும் தேறியதாக எழுதிக்கொள்ளும் பழக்கத்தைப் பற்றித்தான்.

1996 ஜூன் 4 அன்று பிரெஞ்சு கயானாவின் கூரூவில் இருந்து கிளம்பிய ஏரியான் 5 ராக்கெட், நாற்பது நொடிக்குள் சிதறியது. நான்கு கிளஸ்டர் செயற்கைக்கோள்களும் அதோடு போயின. டிஜிட்டல் இரட்டை என்ற பெயர் அன்று புழக்கத்தில் இல்லை. பாடம் அதற்கும் பொருந்தும். ராக்கெட்டின் நிலையையும் வேகத்தையும் அளக்கும் கருவியின் நிரல் ஏரியான் 4இல் இருந்து வந்தது. புதிய ராக்கெட்டின் கிடைமட்ட வேகமோ முந்தையதைவிட மிக அதிகம். 32,767க்கு மேல் கொள்ளாத 16 பிட் இடத்தில் அதைவிடப் பெரிய எண்ணைத் திணித்ததும் கருவி நின்றது. மாற்றுக் கருவியும் அதே நிரலால் ஒரு கணம் முன்பே நின்றிருந்தது. கிளம்பிய பிறகு அந்தக் கணக்குக்கு வேலையே இல்லை என்பதுதான் நெஞ்சை அறுக்கிறது.

தரையில் முழுப் பயணத்தையும் ஒத்திகை பார்த்திருந்தார்கள். ஆனால் அந்த ஒத்திகையில் நிஜக் கருவி இல்லை. அதன் இடத்தில் அதைப்போல் பதில் தரும் நிரல் இருந்தது. ஏற்கெனவே பறந்து தேறிய கருவிதானே என்ற நம்பிக்கை. நாம் சந்தேகப்படாததை மாதிரியும் சந்தேகப்படாது. ஒத்திகையைப் பத்தாயிரம் முறை ஓட்டினாலும் அந்தக் குறை தீராது.

ஆகவே, எந்தப் பாகம் ஏற்கெனவே தேறியது என்கிறோமோ, அதையே நிஜ வன்பொருளாகச் சோதனை மேசைக்குக் கொண்டுவர வேண்டும். எது நிஜம், எது மாதிரி என்பதைச் சோதனை அறிக்கை தனித்தனியே சொல்ல வேண்டும். நிஜக் கருவியைச் சுழல்மேசையில் வைத்து, ஏரியான் 5இன் பாதைக்கேற்ற சமிக்ஞைகளைக் கொடுத்திருந்தால் பிழை தரையிலேயே வெளிப்பட்டிருக்கும் என்று விசாரணைக் குழு எழுதியது. அந்தச் சோதனை நடக்கவில்லை.